மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம்: அது யாருடைய வரலாறு?

நெல்லைச்சுந்தரி

போன மாதம் குடும்பத்தோடு கொச்சி போயிருந்தோம். மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் கோடியில் இருக்கும் ஜெப ஆலயத்தைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அங்கே கேட்டதையும் வந்தபிறகு தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள், கூடவே சேருங்கள்.

முதலில் பெயர். "பரதேசி சினகாக்" என்று படித்துக் காட்டியதும் கூட வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "சாமி கும்பிடுற இடத்துக்கு இப்படியா பேரு வைப்பாங்க?" என்றார். நம் பக்கம் அது வசவு, போக்கிடம் இல்லாமல் திரிகிறவனைச் சொல்வது. அங்கே அதன் பழைய பொருள் தேயாமல் இருக்கிறது. பர தேசத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான்.

வந்தவர்கள் யார் என்றால், ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்ட யூதர்களின் வழியினர். போர்ச்சுகலிலும் 1497இல் கட்டாய ஞானஸ்நானம் வந்துவிட்டது. அப்படிச் சிதறியவர்களில் சிலர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். சிரியாவின் அலெப்போ போன்ற இடங்களிலிருந்து வந்த குடும்பங்களும் அவர்களோடு கலந்தன. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568இல் ஆலயம் எழுந்தது. ஒரு பக்கம் யூதர்களின் ஜெபம், மறுபக்கம் அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயில். இரண்டு சத்தமும் ஒரே காற்றில்தான் வந்திருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மார்ச் மாத வெயிலில் தெருவில் நடந்து வந்த காலுக்கு அந்தத் தரை சில்லென்று இருந்தது. முழுக்க நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகள். கான்டனில் கையால் தீட்டி, 1762 வாக்கில் எசக்கியேல் ரஹபி என்ற பெரிய வணிகர் கப்பலில் வரவழைத்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்று வழிகாட்டி சொன்னார். நான் குனிந்து பத்துப் பன்னிரண்டு ஓடுகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். மரத்தின் கிளை ஒன்றில் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, இன்னொன்றில் நீலம் கசிந்து பரவியிருக்கிறது. தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. அத்தை சுவரோரமாக உட்கார்ந்து, "அமைதியா இருக்கு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோம்" என்றார்.

1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். அவர்களுக்கு உதவினார்கள் என்று சொல்லி போர்ச்சுக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடி, ஆலயத்துக்கும் தீ வைத்தார்கள். அடுத்த வருஷமே டச்சுக்காரர்கள் திரும்பி வந்து ஜெயித்ததும் 1664இல் ஆலயம் மறுபடி எழுந்தது. வெளியே நிற்கும் மணிக்கூண்டு 1760இல் வந்தது. அதுவும் ரஹபி கட்டியதுதான். கடிகாரத்தில் எபிரேய எழுத்து, ரோம எண், மலையாள எண் என்று முகத்துக்கு முகம் மாறும். பல வருஷம் ஓடாமல் நின்றிருந்ததை 1990களின் கடைசியில் சீர்செய்தார்களாம்.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களை இப்படி மடியில் வைத்துக்கொண்ட ஊரை நினைத்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கல்வெட்டுக்காதலன்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சுந்தரி அக்கா. ஒரு விஷயம் மட்டும் சேர்க்க வேண்டும். கொச்சி யூதர்களின் கதை 1568இல் தொடங்கவில்லை. அப்போது வந்தவர்கள் கடைசியில் வந்தவர்கள். அதனால்தானே பரதேசி என்ற பெயர்! அவர்களைப் பரதேசி என்று சொல்ல அங்கே ஏற்கனவே சுதேசி யூதர்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள்தான் மலபார் யூதர்கள். ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகரின் பெயரில் உள்ள செப்பேடு அந்தப் பழைய சமூகத்துக்குக் கிடைத்தது.

சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய கி.பி. 1000இல் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்து கொடுத்த ஏடு அது. எழுத்து வட்டெழுத்து. மொழி, நம்மால் வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிற மொழி. ரப்பானின் பெயர் "இஸ்ஸுப்பு இரப்பான்" என்று வருகிறது. அவருக்குக் கொடுத்த உரிமைகளின் வரிசையைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்: "பகல்விளக்கும் பாவாடையும் அந்தோளகமும் குடையும் வடுகப்பறையும் காகளமும்..." பாவாடை என்பது இங்கே நடந்து வர விரிக்கும் துணி. அந்தோளகம் பல்லக்கு. காகளம் எக்காளம். கடைசியில் எழுபத்திரண்டு விடுபேறும், அதாவது சிறப்புரிமைகளும், சேர்த்துக் கொடுத்து, "உல்கும் துலாக்கூலியும் விட்டோம்" என்கிறார் மன்னர். உல்கு என்றால் சுங்கம். துலாக்கூலி, சரக்கு நிறுக்கிற கூலி. வணிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ஏட்டை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் தாத்தாக்களுக்குப் புரிந்திருக்கக்கூடிய வார்த்தைகளில் ஒரு யூத வணிகருக்கு மரியாதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஏடு இன்றைக்கு இருப்பது பரதேசி ஆலயத்தில். வாங்கியவர்களின் வாரிசு என்று மலபார் யூதர்களும் சொன்னார்கள், பரதேசிகளும் சொன்னார்கள். ஆனால் பரதேசிகள் வந்து இறங்கியது ஏடு எழுதி ஐந்நூறு வருஷம் கழித்து.

பாலக்காட்டுக்காரர்

பரதேசி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கேரளத்தில் நம்பூதிரி அல்லாத, வெளியிலிருந்து வந்த பிராமணர்களுக்கும் பரதேசி பிராமணர் என்றே பெயர். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பாலக்காட்டுக்குப் போன எங்கள் முன்னோரும் அதில் அடக்கம். பழைய ஆவணங்களில் அப்படியேதான் இருக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் இழிவாக எடுத்துக்கொண்டதில்லை. சுந்தரியின் அத்தையிடம் சொல்லுங்கள், அந்தப் பெயரில் நாங்களும் கூட இருக்கிறோம்.

கொச்சித்தமிழன்

நான் ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் பிறந்தவன். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே துணி வெளுக்கிறவர்கள். யூதத் தெரு வழியாகச் சைக்கிளில் போகாத நாள் எனக்கு இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே யாரும் சினகாக் என்று சொல்ல மாட்டார்கள். பள்ளி என்றுதான் சொல்வார்கள். முஸ்லிம் பள்ளி, கிறிஸ்தவப் பள்ளி, யூதப் பள்ளி எல்லாம் பள்ளிதான். அப்படி மட்டாஞ்சேரியில் மூன்று யூதப் பள்ளிகள் இருந்தன: பரதேசி, கடவும்பாகம், தெக்கும்பாகம். எர்ணாகுளத்தில் இன்னொரு கடவும்பாகமும் இன்னொரு தெக்கும்பாகமும். அப்புறம் சேந்தமங்கலம், பரவூர், மாளா. ஆக எட்டு. இதில் ஒன்றே ஒன்றுதான் பரதேசிகளுடையது. மற்ற ஏழும் மலபார் யூதர்களுடையவை. டூரிஸ்ட் பஸ் அந்த ஒன்றுக்குத்தான் வருகிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "கொச்சி யூதர் வரலாறு பார்த்தாச்சு" என்று திரும்புகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளி 1544இல் கட்டியது என்று சொல்வார்கள். பரதேசி பள்ளியைவிட மூத்தது, அதே தெருவில் நடந்து போகிற தூரம். சமூகம் இஸ்ரேல் போனபிறகு கட்டடம் கைமாறி கிடங்காகக் கிடந்தது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலையை ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கிக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டது. அது பிழைத்தது. இங்கே நின்ற சுவர் 2019 மழையில் இடிந்து விழுந்தது. மறுநாள் காலை அந்த வழியாகப் போனேன். ஓடும் உத்திரமும் சேற்றோடு குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு ஜோடி என்னை நிறுத்தி, சினகாக் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான் கையை நீட்டி, தெருக்கோடியைக் காட்டினேன்.

இன்னொரு விஷயம். பரதேசி பள்ளியின் முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துள்ள ஒரு கல் பதித்திருக்கிறது. அது கொச்சங்காடி என்ற இடத்தில் இருந்த பழைய பள்ளியின் கல், காலம் 1344. கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்து யூதர்கள் கொச்சிக்கு வந்து கட்டியது அந்தப் பள்ளி. இன்று பள்ளி இல்லை, கல் மட்டும் பரதேசிகளின் சுவரில் இருக்கிறது. செப்பேட்டின் கதைதான் கல்லுக்கும்.

மீனா_மதுரை

நான் கட்டடக்கலை படித்தவள். எட்டில் ஐந்தை நேரில் பார்த்திருக்கிறேன். இந்தப் பள்ளிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு அமைப்பு. வழக்கமாகத் தோரா என்கிற யூத வேதத்தை வாசிக்கும் மேடை, தேபா என்பார்கள், கூடத்தின் நடுவில் ஒன்று இருக்கும். கேரளப் பள்ளிகளில் மேலே மாடியிலும் ஒரு தேபா உண்டு, பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அங்கே ஏறிப் படிப்பார்கள். பெண்களுக்கு மரத்தட்டிதான் குறுக்கே. வேதம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். பரதேசிகள் வந்ததும் ஸ்பெயின் வழக்கப்படி கட்டாமல், இங்கே மலபார் யூதர்கள் எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்டிக்கொண்டார்கள். ஓட்டுக்கூரை, முற்றம், முன்கூடம், மேல்தேபா எல்லாமே இந்த ஊர் முறை. சிம்ஹத் தோரா பண்டிகையன்று தோராச் சுருள்களோடு பள்ளிக்கு வெளியே சுற்றி வருவார்கள். பிராகாரம் சுற்றுகிற ஊரில் அது தானாக வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கொச்சித்தமிழன் அண்ணா, பரதேசிகள் மற்றவர்களைத் தாழ்வாக நடத்தினார்கள் என்று படித்தேன். அது உண்மையா?

கொச்சித்தமிழன்

உண்மைதான் தங்கச்சி. அதைச் சொல்லாமல் அந்தப் பள்ளியின் கதை முடியாது.

வந்த கொஞ்ச காலத்திலேயே தங்களை வெள்ளை யூதர் என்றும் பழையவர்களைக் கறுப்பு யூதர் என்றும் பிரித்தார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, ரப்பி (யூத மதகுரு) டேவிட் இபின் ஸிம்ராவுக்குக் கடிதம் போனது: இவர்கள் எங்களுக்குச் சமமா, சம்பந்தம் செய்துகொள்ளலாமா? முறைப்படி நீரில் முழுகிச் சடங்கை முடித்துவிட்டால் தடையே இல்லை என்று அவர் பதில் எழுதினார். அவருடைய சீடர் ஜேக்கப் காஸ்ட்ரோவும் அதையே சொன்னார். கேட்டவர்கள் கேட்டபடியே இருந்தார்கள். பதிலை ஏற்கவில்லை.

இதைவிடக் கொடுமை பரதேசி பள்ளிக்குள்ளேயே இருந்தது. அவர்கள் வீட்டு அடிமைகளாக இருந்து, யூத நெறியில் சேர்க்கப்பட்டு, விடுதலையானவர்களின் வழியினரை மெஷுஹ்ராரிம் என்பார்கள். அதே கடவுள், அதே ஜெபம். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். செத்தால் புதைக்கிற இடமும் வேறு.

சுந்தரி அக்கா சொன்ன அந்தச் சீனத்து ஓடுகள் பதித்த கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம்தான்.

நெல்லைச்சுந்தரி

இதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. துரத்தப்பட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் இன்னொருத்தரை வெளியே உட்கார வைப்பார்களா? ஆனால் ஒரு கேள்வி. அந்தத் தெருவில் கடைசியாக இருந்த முதியவர்களைப் பற்றிப் படித்தேன், எல்லோரோடும் பாசமாக இருந்தவர்கள். மொத்தமாக ஒரு சமூகத்தின் மேல் குற்றம் போடுவது சரியா?

கல்வெட்டுக்காதலன்

குற்றம் போடுவதற்காக யாரும் சொல்லவில்லை அக்கா. சுற்றி இருந்த நாட்டைப் பாருங்கள். கோயில் தெருவில் நடக்கவே தடை இருந்த காலம். வைக்கம் போராட்டம் 1924இல். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு 1936இல்தான். கொச்சி சமஸ்தானத்தில் அதற்கும் பிறகு. மேலே போகிறவன் கீழே ஒருவனை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வந்தவர்கள் இந்த மண்ணிலும் கற்றுக்கொண்டார்கள். கையோடு கொண்டு வந்ததும் கொஞ்சம் இருந்திருக்கும். ஸ்பெயினில் ரத்தத் தூய்மை பார்த்துத்தானே இவர்களையே ஒதுக்கினார்கள்.

அதை எதிர்த்து நின்ற மனிதரும் அதே பள்ளியின் முன்கூடத்திலிருந்துதான் வந்தார். ஏ.பி. சேலம்.

மீனா_மதுரை

சேலத்துக்காரரா?

கல்வெட்டுக்காதலன்

இல்லை மீனா, எனக்கும் முதலில் அந்தக் குழப்பம் வந்தது. ஆபிரகாம் பராக் சாலேம். குடும்பப் பெயர். நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1882இல் பிறந்தவர். மெஷுஹ்ராரிம் குடும்பம். சட்டம் படித்து வக்கீலானார். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். எர்ணாகுளத்தில் அவர் நின்று பேசுகிற மேட்டுக்கு சாலேம் குன்று என்றே பெயர் வந்தது. கூலிக்காரர்களுக்காகப் பேசுவார்.

அவ்வளவு பேர் கேட்ட பேச்சாளர் சனிக்கிழமை ஜெபத்துக்குப் போனால் உள்ளே பெஞ்சு கிடையாது. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. காந்தியின் வழியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். பிள்ளைகளும் கூட நின்றார்கள். பல வருஷம் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் விலகின. 1950இல் அவருடைய மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கொச்சிப் பள்ளியில் நடக்க வழியில்லாமல் பம்பாயில் நடந்த கல்யாணம் அது. யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். 1967இல் இறந்தார். மறுவருஷம் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா. இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலை வெளியிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் அவர் இருந்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஜார்ஜ்டவுன்வாசி

கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். சென்னையில் எங்கள் வீட்டுப் பக்கம் பவளக்காரத் தெரு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிய போர்ச்சுக்கீசிய யூதர்கள் இங்கே இருந்தார்கள். 1688இல் மதராஸ் நகரசபை தொடங்கியபோது அதன் ஆல்டர்மென்களில், அதாவது சபை உறுப்பினர்களில், மூன்று பேர் யூதர்கள். அவர்களும் கொச்சிப் பரதேசிகளைப் போல ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து சிதறியவர்களின் வழிதான். இங்கே தங்கவில்லை. சில கல்லறைக் கற்கள் இடம் மாறி மாறி லாயிட்ஸ் சாலைப் பக்கம் வந்து சேர்ந்தன. கொச்சியில் ஒரு பள்ளியாவது நிற்கிறதே என்று எனக்கு ஏக்கம் உண்டு.

கொச்சித்தமிழன்

அந்த ஒன்று ஏன் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். மலபார் யூதர்கள் ஏழைகளும் நடுத்தரமும். இஸ்ரேல் வந்ததும் 1950களில் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்று ஒரு ஊரே அவர்களுடையது. இங்கிருந்து போன, தோராச் சுருள் வைக்கும் பேழையை அங்கே பள்ளி கட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் போனதும் இங்கே பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பரதேசிகள் நூற்றுச் சொச்சம் பேர்தான், ஆனால் வசதியானவர்கள். கொச்சியில் மின்சாரக் கம்பெனியும் படகும் நடத்திய கோடர் குடும்பம் அவர்களில் ஒன்று. வீடும் வியாபாரமும் விட்டுப் போக முடியாமல் பலர் தங்கினார்கள். ஆக, கடைசியில் வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். அதனால் அவர்கள் பள்ளி இருக்கிறது, விளக்கு எரிகிறது. ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், இப்போது வெளியூர் யூதர்கள் வந்தால்தான் அந்தக் கணக்கு நிறையும்.

எர்ணாகுளம் கடவும்பாகத்தை எங்கள் ஊர் மலபார் யூதர் ஒருவர் தனியாளாகக் காப்பாற்றினார். முன்பக்கம் மீன்தொட்டியும் செடியும் விற்கும் கடை, அதைத் தாண்டி உள்ளே போனால் பள்ளி. சேந்தமங்கலத்தையும் பரவூரையும் அரசு சீர்செய்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறது.

மீனா_மதுரை

சேந்தமங்கலத்துக்குக் கட்டாயம் போங்கள். பள்ளிக்கு முன்னால் ஒரு சின்னக் கல்லறைக் கல் நிற்கிறது. "இஸ்ரேலின் மகள் சாரா" என்று எபிரேயத்தில் வெட்டியிருக்கிறது. வருஷம் 1269. முழங்கால் போட்டு உட்கார்ந்தால்தான் எழுத்து தெரியும். நான் போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது, எழுத்துப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. யார், எத்தனை வயது, ஒன்றும் தெரியாது. அப்பா பேர் மட்டும் இருக்கிறது.

நெல்லைச்சுந்தரி

எல்லோருக்கும் நன்றி. நான் எழுதியதில் "வந்தவர்களை மடியில் வைத்துக்கொண்ட ஊர்" என்ற வரியை அப்படியே விடுகிறேன், அது பொய்யில்லை. ஆனால் அந்த ஊரில் முதலில் வந்து வேரூன்றியவர்கள் யூதர்களிலேயே இன்னொரு கூட்டம் என்பது எனக்குத் தெரியாது. முன்கூடத்தைத் தாண்டித்தான் நானும் உள்ளே போனேன். அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

கொச்சித்தமிழன் தம்பி, அந்தக் கொச்சங்காடிக் கல் முற்றத்தில் இருக்கிறது என்றீர்கள். அத்தை உட்கார்ந்த இடத்துக்குப் பக்கமா? நாங்கள் கவனிக்கவே இல்லை. ஆகஸ்டில் மறுபடி வருகிறோம்.

கொச்சித்தமிழன்

அத்தை உட்கார்ந்தது உள்கூடத்தில் அக்கா. கல் வெளியே, முற்றத்துச் சுவரில். சனிக்கிழமை பள்ளி அடைத்திருக்கும், திறந்திருக்கும் நாளாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முந்தின நாள் இங்கே ஒரு வரி போடுங்கள். வீட்டிலிருந்து பக்கம்தான், நானே வந்து காட்டுகிறேன். அப்புறம் கடவும்பாகம் நின்ற இடத்துக்கும் கூட்டிப் போகிறேன். அத்தையால் நடக்க முடியுமா, ஆட்டோ சொல்லவா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.